டி.டி.கே: முதலாளிகளின் செலவுக்கு வரி போட்டவர், கூட்டாத கமிட்டியால் பதவி இழந்தவர்

பூந்தமல்லி – ஆவடி சாலையில் சென்னீர்குப்பம். அங்கே கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு டெக்னீஷியனின் சம்பள ஸ்லிப்பை எடுத்துப் பார்த்தால் எல்லாமே இருக்கும். பேசிக் எவ்வளவு, பி.எஃப். எவ்வளவு, கேன்டீனுக்குப் பிடித்தது எவ்வளவு, லீவுக்குக் கழித்தது எவ்வளவு என்று ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு வரி. அதே கம்பெனியின் நிர்வாக இயக்குநருக்கு கார், டிரைவர், வாடகையில்லா வீடு, கிளப் சந்தா, குடும்பத்தோடு வெளிநாட்டுப் பயணம். இதெல்லாம் மொத்தம் எவ்வளவு? யார் ஓகே சொன்னது? ஓகே சொல்ல வேண்டியவர்கள் அன்று கூட்டத்துக்கு வந்திருந்தார்களா?

இந்தக் கேள்வி நேற்று முளைத்ததல்ல. சுதந்திர இந்தியாவில் இதற்குச் சட்டமும் வரியும் உருவான காலத்தில், அதன் நடுவில் நின்றவர் ஒரு சென்னைக்காரர். கம்பெனிகளின் பணத்தில் நடந்த ஆடம்பரத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும், தன் பொறுப்பில் இருந்த ஒரு நிறுவனத்தில் கேள்வி கேட்க வேண்டிய குழுவைக் கூட்டாமல் நடந்த ஒரு டீலுக்காக நிதியமைச்சர் பதவியை இழந்தார். ஆழ்வார்பேட்டை பக்கம் தினமும் பைக்கில் போகிறவர்களுக்கு அவர் ஒரு சாலையின் பெயர். சமையலறையில் அது ஒரு குக்கர் கம்பெனியின் பெயர். முழுப்பெயர் திருவள்ளூர் தட்டை கிருஷ்ணமாச்சாரி. சுருக்கமாக டி.டி.கே.

சோப்பு விற்றவர் அமைச்சரானது எப்படி?

முதல் 'டி' என்பது திருவள்ளூர். இன்று சென்னீர்குப்பம் இருக்கும் மாவட்டத்தின் பெயரும் அதுதான். ஆனால் கிருஷ்ணமாச்சாரி பிறந்தது சென்னையில், 1899 நவம்பர் 26 அன்று. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். 1928ல் சொந்தமாக ஒரு ஏஜென்சி தொடங்கினார். சன்லைட், லைஃப்பாய் சோப்பு, பாண்ட்ஸ் க்ரீம், கேட்பரி சாக்லேட் என்று வெளிநாட்டு கம்பெனிகளின் சரக்கைத் தென்னிந்தியக் கடைகளுக்குக் கொண்டு சேர்ப்பதுதான் தொழில். கடைக்காரரிடம் கடன் வசூலிப்பது, கமிஷன் கணக்கு பார்ப்பது, கம்பெனிக்காரர்களின் போக்கைப் புரிந்துகொள்வது எல்லாம் அவருக்கு அங்கே கிடைத்த பாடம்.

பிறகு அரசியல். சென்னை மாகாண சட்டசபைக்குச் சுயேச்சையாகத் தேர்வானார். பின்னர் காங்கிரஸில் சேர்ந்தார். 1942ல் டெல்லியில் மத்திய சட்டசபைக்கும், அதன் பின் அரசியல் நிர்ணய சபைக்கும் போனார். வியாபாரத்தைக் குடும்பம் பார்த்துக்கொண்டது. தொழிலை விட்டு வந்த ஒருவர், அதே தொழிலதிபர்களுக்கு விதி எழுதும் இடத்துக்கு வரும்போது இரண்டு விஷயம் நடக்கும். அவர்களின் தந்திரம் அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் மீதான சந்தேகமும் கூடவே வரும். டி.டி.கே. வாழ்க்கையில் இரண்டும் நடந்தன.

ஏழு பேர் கமிட்டி, வேலை பார்த்தது யார்?

அரசியல் சட்ட வரைவுக்குழுவில் ஏழு உறுப்பினர்கள். 1948ல் டி.பி.கைதான் இறந்தபின் அந்த இடத்துக்கு வந்தவர் டி.டி.கே. அதே ஆண்டு நவம்பர் 5 அன்று சபையில் பேசியபோது, அந்தக் குழு உண்மையில் எப்படி இயங்கியது என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். ஒருவர் ராஜினாமா செய்துவிட்டார். ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். ஒருவர் சமஸ்தான வேலைகளில் மூழ்கிவிட்டார். ஒன்றிரண்டு பேர் உடல்நிலை காரணமாக டெல்லியிலிருந்து தள்ளியே இருந்தார்கள். கடைசியில் பாரம் முழுக்க அம்பேத்கர் தலையில்தான் விழுந்தது என்பது அவர் சொன்னதன் சாரம்.

அம்பேத்கருக்குக் கிடைத்த பாராட்டாக இந்தப் பேச்சை இன்றும் நினைவுகூர்கிறார்கள். அதற்குள் வேறொரு செய்தியும் இருக்கிறது. காகிதத்தில் ஏழு பேர் இருந்தாலும், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. எந்த கம்பெனியின் இயக்குநர் குழுவுக்கும், அதாவது போர்டுக்கும், இது பொருந்தும். அதை ஊரறியச் சொன்னவருக்கே, ஒன்பது வருஷம் கழித்து அதே விஷயம் வினையானது.

அன்றைய 'சி.இ.ஓ. சலுகை' எப்படி இருந்தது?

1952ல் நேரு அமைச்சரவையில் டி.டி.கே. வர்த்தக, தொழில் துறை அமைச்சரானார். சென்னையைச் சுற்றித் தொழிற்சாலைகள் எழுந்த காலம் அது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949லேயே வந்துவிட்டது. 1955ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்ட் ஆனது. அதே ஆண்டு என்ஃபீல்டு இந்தியா உருவாகி, சென்னையில் புல்லட் வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை அக்டோபரில் திறக்கப்பட்டது. அந்த ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயம்தான் இலக்கு என்று தீர்மானம் போட்டது.

அப்போது கம்பெனிகளை நடத்தியது பெரும்பாலும் 'மேனேஜிங் ஏஜென்சி' முறை. ஒரு கம்பெனிக்குப் பங்குதாரர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், போர்டும் இருக்கும். ஆனால் நிர்வாகத்தை ஒப்பந்தம் போட்டு இன்னொரு நிறுவனத்திடம் கொடுத்திருப்பார்கள். சென்னையில் பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் மில்லுக்கு பின்னி கம்பெனி மேனேஜிங் ஏஜென்ட். இந்த ஏஜென்ட்டுகளுக்குப் பல வழியில் பணம் வரும். லாபத்தில் கமிஷன், சில இடங்களில் விற்பனையிலும் கமிஷன், தனியாக அலுவலகப் படி. சரக்கு வாங்குவதும் விற்பதும்கூடத் தங்களுக்கு வேண்டியவர்கள் மூலமாக நடக்கும். கம்பெனி நஷ்டத்தில் போனாலும் ஏஜென்ட்டுக்கு வரும்படி நிற்காது. கேட்க வேண்டிய போர்டில் உட்கார்ந்திருப்பவர்களும் அந்த ஏஜென்ட் கொண்டுவந்த ஆட்களாகவே இருப்பார்கள். அப்புறம் யார் கேட்பது?

இதற்குக் கடிவாளம் போட வந்ததுதான் 1956 கம்பெனிகள் சட்டம். நிதியமைச்சர் சி.டி.தேஷ்முக் கொண்டுவந்தார். ஏப்ரல் 1 முதல் நடைமுறை. நிகர லாபத்தில் 11 சதவீதத்துக்கு மேல் மொத்த நிர்வாகச் சம்பளம் போகக் கூடாது. மேனேஜிங் ஏஜென்ட்டுக்கு 10 சதவீதம்தான் உச்சம். முழுநேர இயக்குநர் ஒருவர் என்றால் 5 சதவீதம். வரியை கம்பெனியே கட்டிவிடும் என்ற பேச்சுடன் இயக்குநருக்குச் சம்பளம் தரவும் தடை. மேனேஜிங் ஏஜென்சி முறையே 1970ல் முடிவுக்கு வந்தது.

இன்சூரன்ஸ் பணத்தில் கை வைத்த கதை

அண்ணா சாலையில் இடிந்த நிலையில் நிற்கும் பழைய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த கம்பெனியின் தலைவராக இருந்தவர் பெரும் தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியா. பாலிசிதாரர்களின் பணத்தைத் தன் மற்ற தொழில்களுக்குத் திருப்பிவிட்டார் என்று 1955 டிசம்பரில் மக்களவையில் அம்பலப்படுத்தினார் ஃபெரோஸ் காந்தி. இவர் ஆளுங்கட்சி எம்.பி., பிரதமர் நேருவின் மருமகன். காணாமல் போனது 2 கோடி ரூபாய்க்கும் மேல். டால்மியா பின்னர் சிறைக்குப் போனார்.

தலைவரே கம்பெனிப் பணத்தைச் சொந்தப் பெட்டியாக நினைத்தால் போர்டு என்ன செய்யும்? பாரத் இன்சூரன்ஸில் அது தடுக்கவில்லை. 1956 ஜனவரியில் ஆயுள் காப்பீட்டுத் துறையை அரசு எடுத்துக்கொண்டது. 245 நிறுவனங்களை ஒன்றாக்கி செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது. தேஷ்முக் வேறொரு காரணத்துக்காகப் பதவி விலகியிருந்ததால், அதற்கு ஓரிரு நாள் முன்புதான் டி.டி.கே. நிதியமைச்சர் ஆகியிருந்தார். அதாவது, தனியார் போர்டுகளின் அலட்சியத்துக்கு மருந்தாக வந்த நிறுவனம் பிறந்த கையோடு அவர் பொறுப்பில் வந்து சேர்ந்தது.

செலவுக்கே வரி போட்ட பட்ஜெட்

கேம்பிரிட்ஜ் பொருளாதார நிபுணர் நிக்கோலஸ் கால்டோர் 1956ல் இந்தியா வந்து வரி முறையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்திருந்தார். வருமானத்தை மறைக்கலாம், வாழ்க்கைத் தரத்தை மறைப்பது கஷ்டம். ஆகவே சொத்துக்கும் செலவுக்கும் வரி போடுங்கள் என்பது அதன் போக்கு. டி.டி.கே. அதைக் கையில் எடுத்தார். 1957 பட்ஜெட்டில் சொத்து வரியும் செலவு வரியும் வந்தன. செலவுக்கு வரி என்பது உலகத்திலேயே யாரும் நடத்திப் பார்க்காத சோதனை.

கம்பெனி சலுகைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஒரு முதலாளி தன் கணக்கில் குறைந்த வருமானம் காட்டுவார். ஆனால் பங்களா, கார், வேலைக்காரர்கள் எல்லாம் கம்பெனி செலவில். வருமான வரி அதிகாரிக்கு அந்த வாழ்க்கை கண்ணில் படும், கணக்கில் படாது. அதனால் செலவு வரிச் சட்டம், ஒருவரின் சொந்தத் தேவைக்காக மற்றவர் செய்யும் செலவையும் ஓர் அளவுக்கு மேல் அவர் கணக்கிலேயே சேர்க்க வழி செய்தது. நல்ல யோசனைதான். ஆனால் தொழிலுக்காகச் செய்த செலவு என்றால் விலக்கு என்று அதே சட்டத்தில் ஒரு கதவும் திறந்திருந்தது. விருந்து வைத்தது வியாபாரத்துக்கு, கார் ஓடியது கம்பெனிக்கு என்று எழுதிவிட்டால் முடிந்தது. வந்த வரி மிகச் சொற்பம். 1962ல் மொரார்ஜி தேசாய் அதை எடுத்துவிட்டார். 1964ல் மீண்டும் நிதியமைச்சராக இருந்த டி.டி.கே. திரும்பக் கொண்டுவந்தார். 1966ல் அடுத்தவர் வந்து மறுபடியும் எடுத்தார்.

பல வருஷம் கழித்து, 2005ல் இன்னொரு தமிழக நிதியமைச்சர் ப.சிதம்பரம் ஊழியர் சலுகைகளுக்காக கம்பெனிகளே கட்ட வேண்டிய தனி வரியைக் கொண்டுவந்தார். அதுவும் 2009ல் போய்விட்டது. வரி அதிகாரி வெளியிலிருந்து பார்க்கிறார். அந்தச் செலவு தேவையா, தண்டமா என்று உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். அதனால் பந்து எப்போதும் போர்டு பக்கமே திரும்பி வருகிறது.

1957 ஜூன்: கூட்டாத கமிட்டி

ஹரிதாஸ் முந்த்ரா கல்கத்தாக்காரர். பல்பு விற்பனையாளராகத் தொடங்கி, வெள்ளைக்காரர்கள் விட்டுவிட்டுப் போன பெரிய கம்பெனிகளைக் கடன் வாங்கியே கைப்பற்றியவர். வாங்கிய பங்கை அடகு வைத்து அடுத்த பங்கு, அதை அடகு வைத்து அதற்கடுத்தது. 1957ல் கடன் கழுத்தை நெரித்தது. அப்போது அவரது ஆறு கம்பெனிகளின் பங்குகளை எல்.ஐ.சி. வாங்கியது. மொத்தம் 1.2 கோடி ரூபாய்க்கும் மேல். பேச்சுவார்த்தை முதல் முடிவு வரை சில நாட்களில் முடிந்துபோனது.

எல்.ஐ.சி. சட்டத்திலேயே முதலீட்டுக் கமிட்டி என்று ஒன்று உண்டு. எந்தப் பங்கு நல்லது, எது ஓட்டை என்று தெரிந்தவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடவில்லை. நிதித்துறைச் செயலர் எச்.எம்.படேல், எல்.ஐ.சி. தலைவர் ஜி.ஆர்.காமத், நிர்வாக இயக்குநர் எல்.எஸ்.வைத்தியநாதன் ஆகியோர் வட்டத்திலேயே வேலை முடிந்தது. கமிட்டிக்கு விஷயம் போனபோது பணம் கைமாறியிருந்தது.

1957 டிசம்பர் 16 அன்று ஃபெரோஸ் காந்தி மறுபடியும் எழுந்தார். இந்த முறை குறி தனியார் முதலாளி மட்டுமல்ல, தன் கட்சி அரசாங்கமும். கல்கத்தா பங்குச் சந்தை தடுமாறியதால் அதைத் தாங்கிப் பிடிக்கவே வாங்கினோம் என்றது அரசுத் தரப்பு. அப்படியென்றால் ஒரே ஆளின் ஆறு கம்பெனிகள் மட்டும் ஏன்? இந்தக் கேள்விக்குத் திருப்தியான பதில் வரவில்லை.

சாக்ளா விசாரணை: 'எனக்குத் தெரியாது' எடுபடுமா?

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா தலைமையில் ஒரு நபர் கமிஷன் அமைந்தது. பம்பாயில் பகிரங்க விசாரணை. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைக்க வேண்டியிருந்தது. அமைச்சருக்குத் தெரிந்துதான் நடந்தது என்பது செயலர் தரப்பு. ஒப்புதல் தரவில்லை என்பது டி.டி.கே. தரப்பு. ஒரே மாதத்துக்குள் வேலையை முடித்து, 1958 பிப்ரவரியில் சாக்ளா அறிக்கை கொடுத்தார்.

அந்த அறிக்கை சொன்ன இரண்டு விஷயங்கள் இன்றைக்கும் எந்த போர்டுக்கும் பாடம். ஒன்று, சந்தையைத் தாங்கத்தான் வாங்கினோம் என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. முதலீட்டுக் கமிட்டியைக் கேட்டிருந்தால் இந்த டீல் நடந்திருக்குமா என்ற கேள்வியே மிஞ்சியது. இரண்டு, தன் செயலர் செய்ததற்கு அமைச்சர் பொறுப்பேற்றே ஆக வேண்டும். கீழே இருப்பவர் செய்தார் என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது.

டி.டி.கே. பையில் ஒரு பைசா போனதாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் பதவி போனது. பிப்ரவரி முடிவதற்குள் பட்ஜெட் தாக்கல் செய்ய வேண்டும், நிதியமைச்சர் இல்லை. நேருவே அந்தப் பட்ஜெட்டை வாசித்தார். முந்த்ரா பின்னர் மோசடி வழக்குகளில் சிறை சென்றார். அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடம் 1959ல் திறக்கப்பட்டபோது, திறந்து வைத்த நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய்.

இது நியாயமா என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். திறமையான ஓர் அமைச்சரை, அவர் கையெழுத்து போடாத டீலுக்காக வீட்டுக்கு அனுப்புவதா? ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தெரியாது என்று சொன்னால் தப்பிக்கலாம் என்றால், எந்தத் தலைவரும் எதையும் தெரிந்துகொள்ளவே மாட்டார். நல்ல செய்தி வந்தால் போனஸ், கெட்ட செய்தி வந்தால் கீழே இருந்தவர் தப்பு என்று ஆகிவிடும்.

திரும்பி வந்தார், மறுபடியும் போனார்

1962ல் திருச்செந்தூர் தொகுதி எம்.பி.யாக டி.டி.கே. மக்களவைக்குத் திரும்பினார். சீனப் போரை ஒட்டி பொருளாதார, பாதுகாப்பு ஒருங்கிணைப்பு அமைச்சர். 1963ல் காமராஜர் திட்டத்தின்படி மொரார்ஜி விலகியதும் மீண்டும் நிதியமைச்சர். அந்தக் காலத்தில்தான் யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியாவும், தொழில் வளர்ச்சி வங்கியான ஐ.டி.பி.ஐ.யும் 1964ல் செயல்படத் தொடங்கின. பங்குச் சந்தை பக்கம் போகப் பயப்படும் சாதாரண ஆட்களின் சேமிப்பைத் திரட்டித் தொழிலில் போடுவது யூனிட் டிரஸ்ட்டின் வேலை. எல்.ஐ.சி., யூனிட் டிரஸ்ட், ஐ.டி.பி.ஐ. மூன்றும் பின்னாளில் தனியார் கம்பெனிகளின் பெரிய பங்குதாரர்களாகவும், கடன் கொடுத்தவர்களாகவும் வளர்ந்தன. பல போர்டுகளில் இவர்களின் பிரதிநிதிகள் உட்கார்ந்தார்கள். அந்த நாற்காலிகள் எல்லா நேரமும் வாய் திறந்தன என்று சொல்ல முடியாது.

யூனிட் டிரஸ்ட்டே 2001 ஜூலையில் தன் புகழ்பெற்ற யூ.எஸ். 64 திட்டத்தில் யூனிட்டுகளை விற்பதையும் திரும்ப வாங்குவதையும் நிறுத்தியபோது, லட்சக்கணக்கான ஓய்வூதியர்களும் மாதச் சம்பளக்காரர்களும் தவித்துப்போனார்கள். கேட்கப்பட்டது பழைய கேள்விதான்: முதலீட்டு முடிவுகளை யார் எடுத்தார்கள், யார் சரிபார்த்தார்கள்?

டி.டி.கே.யின் இரண்டாவது முடிவும் பொறுப்புக் கேள்வியில்தான் வந்தது. அமைச்சர் பதவி மகன்களின் தொழிலுக்குப் பயன்பட்டது என்று 1965ல் எம்.பி.க்கள் சிலர் புகார் கொடுத்தார்கள். தலைமை நீதிபதியிடம் கருத்துக் கேட்கலாம் என்றார் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. டி.டி.கே. அதை ஏற்காமல் டிசம்பர் 31 அன்று ராஜினாமா செய்தார். பதினோராம் நாள் தாஷ்கண்டில் சாஸ்திரி இறந்துபோனார். புகார் நிரூபணம் ஆகவில்லை. இன்றைய கம்பெனி பாஷையில் இதை 'தொடர்புடைய தரப்பு' பிரச்னை என்பார்கள். முடிவெடுக்கும் நாற்காலியில் இருப்பவரின் குடும்பம், அந்த முடிவால் லாபம் அடையும் இடத்தில் இருக்கலாமா? தப்பு நடக்காவிட்டாலும், வெளியாள் ஒருவர் சரிபார்த்துச் சான்று தராத வரை சந்தேகம் தீராது.

அதன் பின் அவர் அமைச்சர் பதவிக்கு வரவில்லை. 1974 மார்ச்சில் காலமானார். மியூசிக் அகாடமி அரங்கத்துக்கும், பழைய மௌபரீஸ் சாலைக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது.

இன்று விதி என்ன சொல்கிறது?

1956 சட்டத்தின் 11 சதவீத உச்சவரம்பு 2013 கம்பெனிகள் சட்டத்திலும் தொடர்கிறது. நிர்வாக இயக்குநர் ஒருவருக்கு நிகர லாபத்தில் 5 சதவீதம், எல்லா முழுநேர இயக்குநர்களுக்கும் சேர்த்து 10 சதவீதம். முன்பு இதைத் தாண்ட மத்திய அரசின் அனுமதி வேண்டும். 2018 முதல் அந்த அனுமதி தேவையில்லை. பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் போதும். அதாவது, போட்ட வாக்குகளில் 75 சதவீதம் ஆதரவாக விழ வேண்டும். பட்டியலிட்ட கம்பெனிகளில் சம்பளத்தைப் பரிந்துரைக்கத் தனிக் கமிட்டி உண்டு, அதில் சுயேச்சை இயக்குநர்கள் கட்டாயம்.

அரசு நகர்ந்துவிட்டதால் முழுப் பொறுப்பும் இப்போது போர்டு மீதும் பங்குதாரர்கள் மீதும். இது வெறும் சடங்கு என்று நினைக்க வேண்டாம். 2014ல் டாடா மோட்டார்ஸில் உயரதிகாரிகளின் சம்பளத் தீர்மானங்கள் தேவையான வாக்கு கிடைக்காமல் தோற்றன. 2021ல் ராயல் என்ஃபீல்டின் தாய் நிறுவனமான ஐஷர் மோட்டார்ஸில், நிர்வாக இயக்குநரின் மறுநியமனமும் சம்பளமும் சேர்ந்த தீர்மானம் 75 சதவீதத்தை எட்டவில்லை. சம்பள உச்சவரம்பைக் குறைத்து மீண்டும் கேட்ட பிறகே ஒப்புதல் கிடைத்தது. 1955ல் டி.டி.கே. தொழில் அமைச்சராக இருந்தபோது சென்னையில் வேர்விட்ட அதே புல்லட் கம்பெனி.

சம்பளக்காரர் எங்கே பார்ப்பது?

வேலை பார்க்கும் கம்பெனி, அல்லது மியூச்சுவல் ஃபண்ட் வழியாகப் பணம் போயிருக்கும் கம்பெனி, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதா? அப்படியானால் அதன் ஆண்டறிக்கை இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். 300 பக்கம் படிக்க வேண்டியதில்லை. மூன்று இடம் போதும்.

முதலாவது, இயக்குநரின் சம்பளம் நடுத்தர ஊழியரின் சம்பளத்தைப் போல எத்தனை மடங்கு என்ற விகிதம். இதை வெளியிடுவது சட்டப்படி கட்டாயம். சென்ற ஆண்டு இயக்குநருக்கு எத்தனை சதவீதம் ஏறியது, மற்றவர்களுக்கு எத்தனை ஏறியது என்பதும் அருகிலேயே இருக்கும். இரண்டாவது, தொடர்புடைய தரப்புகளோடு நடந்த பரிவர்த்தனைகள். முதலாளி குடும்பத்தின் கட்டடத்துக்கு வாடகை, உறவினர் கம்பெனிக்கு ஆர்டர் எல்லாம் அங்கேதான் வரும்.

மூன்றாவது, பலரும் புரட்டாமல் தாண்டிவிடும் ஒரு சின்ன அட்டவணை: அந்த வருஷம் போர்டு எத்தனை முறை கூடியது, எந்த இயக்குநர் எத்தனை கூட்டத்துக்கு வந்தார் என்ற வருகைப் பதிவு. சம்பளத்தையும் சலுகையையும் கேள்வி கேட்க வேண்டியவர்கள் நாற்காலியில் இருந்தார்களா என்பதற்கு அது முதல் சாட்சி. வந்தவர்கள் எல்லாம் வாய் திறந்தார்களா என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. ஆனால் வராதவர்கள் கேட்கவில்லை என்பது மட்டும் உறுதி.